பாலில் தொட்ட திரி

கரமனை, திருவனந்தபுரம்
8 ஜூலை 2025

ஜானவிக்கு,

இந்த மின்னஞ்சலைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதே. மே மாதம் உன் அம்மாவும் பக்கத்து வீட்டு வாலாம்பாள் மாமியும் கேட்கும்படி நான் சொன்னதில் எந்த மாற்றமும் இல்லை. "அந்தப் புகைக்கடையை விடற வரைக்கும் உன்னோட பேசமாட்டேன்" என்றேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதுவதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வாட்ஸ்அப் என்பது பேச்சுக் கணக்கில் சேரும் என்று என் அபிப்பிராயம். அதனால்தான் மின்னஞ்சல்.

விஷயம் எதிர்வீட்டுப் பட்டாபியைப் பற்றியது. அவனுக்கு ஹெர்னியா. சிகரெட்டை விட்டால்தான் கத்தியைக் கையில் எடுப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஊதுகிறவன், திடீரென்று விடு என்றால் எப்படி விடுவான்? போன மாதம் வந்த துபாய் மாப்பிள்ளை, சிகரெட்டுக்குப் பதிலாக இதை இழுங்கள் என்று வேப் என்கிற மின்சிகரெட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மாப்பிள்ளை விமானம் ஏறினதும் அது மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. நம் நாட்டில் இதை விற்பதே குற்றம், எந்தக் கடையில் போய்க் கேட்பது? தெருவில் மிக்ஸி கெட்டாலும் மோட்டார் கெட்டாலும் என்னிடம்தானே வருகிறார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்ததற்கு ஓய்வுபெற்ற பிறகும் தண்டனை உண்டு.

நோய்க்குறிகள் இவை. இழுத்தால் கருகின நெடி. நடுநடுவே குடகுட என்று சத்தம். அடிப்பக்கம் ஈரம் கசிந்து சட்டைப்பையில் கறை. கண்ணாடிக் குழாய்க்குள் நிறையத் திரவம் இருக்கும்போதே ஏன் கருகவேண்டும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாளாக இதே யோசனை.

உன் கடைக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வாயோ அதை எழுது. கடைக்காரியாக எழுது, மகளாக எழுதவேண்டாம்.

ஹரிநாராயணன்


லெஸ்டர்
9 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம்.

கடைக்காரியாக எழுதச் சொன்னீர்கள். அப்படியென்றால் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு' என்று ஆரம்பித்திருக்கவேண்டும். கை வரவில்லை, மன்னிக்கவும்.

உங்கள் கேள்வியைத்தான் தினமும் கவுண்டரில் கேட்கிறேன். இழுத்து முடித்ததும் தூக்கி எறிகிற வகையை இங்கிலாந்தில் ஜூனிலிருந்து தடை செய்துவிட்டார்கள். இப்போது எல்லோரும் நிரப்பிக்கொள்கிற டேங்க் வாங்குகிறார்கள், வாங்கின மறுநாளே கருகுகிறது என்று திரும்பி வருகிறார்கள்.

நம் வீட்டு விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். டேங்கில் இருக்கிற திரவம்தான் எண்ணெய். அதற்குள் உட்கார்ந்திருக்கிற காயில் என்பது கம்பிச்சுருள். அதைச் சுற்றி இருக்கிற பஞ்சுதான் திரி. பாட்டரி கம்பியைச் சூடாக்கும், பஞ்சில் ஊறின திரவம் ஆவியாகும். டேங்க் நிரம்பி இருந்தாலும் பஞ்சு நனையவில்லை என்றால் கருகும். புதுக் காயில் போட்டால் பஞ்சின் மேல் சில சொட்டு விட்டு, நிரப்பி, கொஞ்ச நேரம் சும்மா வைக்கவேண்டும். பொறுமை இல்லாமல் உடனே இழுத்தால் பஞ்சு தீய்ந்துவிடும். தீய்ந்த பஞ்சைச் சரிசெய்ய வழியே கிடையாது. மாமா அதைத்தான் செய்திருப்பார். மூச்சுவிடாமல் அடுத்தடுத்து இழுத்தாலும் இப்படித்தான் ஆகும்.

குடகுட சத்தம், கம்பிக்குள் திரவம் தேங்கினதால். காயிலைக் கழற்றித் துடையுங்கள். கசிவுக்கு, அடியில் இருக்கிற சின்ன ரப்பர் வளையத்தைப் பாருங்கள். குக்கர் காஸ்கெட் மாதிரிதான், முறுக்கிக்கொண்டிருந்தால் கசியும்.

கடைக்காரி சொல்லவேண்டியது முடிந்தது. மகள் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நான் இதை இழுப்பதில்லை. சிகரெட் பழக்கம் இல்லாதவர்கள் வந்தால் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறேன், அதற்கு மானேஜரிடம் திட்டும் வாங்கியிருக்கிறேன். இது நல்லதா என்று கேட்டால் எனக்கே முழுசாகத் தெரியாது. உணவுத் தொழில்நுட்பம் படிக்க வந்தவளுக்கு வாடகை கொடுக்க இந்த வேலைதான் கிடைத்தது. இதை மே மாதமே சொல்லியிருப்பேன், நீங்கள் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

ஜானவி


கரமனை
20 ஜூலை 2025

ஜானவிக்கு,

நீ சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டுதான் இருந்தது. நிமிர்த்திப் போட்டதும் கசிவு நின்றது. பஞ்சு தார் ரோடு மாதிரி கறுத்திருந்தது. விளக்கு உதாரணம் நன்றாக இருந்தது. எனக்கு அது சட்டென்று ஒரு வழியையும் காட்டியது. புதுக் காயில் இங்கே கிடைக்காது. எனவே பழைய பஞ்சை ஊக்கால் இழுத்துப் போட்டுவிட்டு, கம்பியைச் சுத்தம் செய்து, வேறு பஞ்சு செருகினேன். ஊறவும் விட்டேன்.

கருகல் நெடி போய்விட்டது. ஆனால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்தால் ஒரு வாசனை வருமே, அச்சாக அது. திரவத்தின் மேல் புட்டியில் புதினா என்றுதான் எழுதியிருக்கிறது. பட்டாபியும் பால் வாசனை என்கிறான்.

இன்னொரு சந்தேகம். டப்பாவில் பிரிக்காத காயில் ஒன்றும் இருக்கிறது. அதில் சுருள் இல்லை, சல்லடை மாதிரி தகடு. இப்போது போட்டிருப்பதில் 1.2 ஓம் என்று இருக்கிறது, சல்லடையில் 0.15. பாட்டரி 3.7 வோல்ட். கணக்குப் போட்டால் முன்னது பதினொரு வாட், பின்னது தொண்ணூறு வாட். ஒன்று பூஜை அறையில் எரிகிற சின்ன பல்பு, மற்றது பழைய காலத்துக் குண்டு பல்பு. ஒரே வேலைக்கு எதற்காக இத்தனை வித்தியாசம்? சல்லடையைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. உன்னைக் கேட்காமல் போடவேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

ஹரிநாராயணன்

பி.கு.: மானேஜரிடம் திட்டு வாங்கினது சரிதான். அதாவது, நீ செய்தது சரி.


லெஸ்டர்
21 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம்.

சல்லடையைத் தொடாதீர்கள். அந்தச் சின்ன பாட்டரி அதற்கானதே அல்ல. உங்கள் தொண்ணூறு வாட் கணக்கை என்னோடு வேலை செய்கிற பிபினிடம் காட்டினேன். அவன் கொல்லத்துக்காரன். "நின்றெ அச்சன் இவிடெ வந்நால் நம்முடெ ஜோலி போகும்" என்றான். நீங்கள் இங்கே வந்தால் எங்கள் இரண்டு பேர் வேலையும் போய்விடுமாம்.

இரண்டும் ஒரே வேலைக்கு இல்லை, அப்பா. சுருள் காயில் கொஞ்சமாகச் சூடாகும், கொஞ்சமாக ஆவி தரும், இழுப்பு சிகரெட் மாதிரியே இறுக்கமாக இருக்கும். சிகரெட்டை விட நினைக்கிற வயசானவர்கள் அதைத்தான் கேட்பார்கள். தண்ணியான திரவம் போதும். சல்லடை முழுப்பரப்பும் ஒரே சமயத்தில் சூடேறும். பஞ்சு ஒரு இடத்தில் மட்டும் தீயாது, வாசனை பிரமாதமாக எழும்பும். ஆனால் திரவத்தைக் குடம் குடமாகக் குடிக்கும், கெட்டியான திரவம்தான் அதற்கு ஒத்துவரும். மேகம் மேகமாக விட்டுப் படம் எடுத்துக்கொள்கிற பையன்களுக்கு அது. மாமாவிடம் இருக்கிறது நிகோடின் அதிகமான தண்ணித் திரவம். அதைச் சல்லடையில் ஊற்றினால் ஒரே இழுப்பில் தலை சுற்றிக் கீழே விழுவார்.

காயிலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்று ஆகிவிட்டது எனக்கு. சீக்கிரமே கறுத்து வந்தால் தித்திப்புத் திரவம் பிடிக்கிற ஆள். ஒரு பக்கம் மட்டும் தீய்ந்திருந்தால் அவசரக்காரர். வாசனையை வைத்து என்ன திரவம் என்று நான் சொல்லிவிடுகிறேன் என்று பிபின் கடைக்கு வருகிறவர்களிடம் பந்தயமே கட்டுகிறான்.

இப்போது வாசனைக்கு வருகிறேன். பட்டாபி மாமாவுக்குக் கொரோனா வந்ததிலிருந்து மூக்கு வேலை செய்வதில்லை. போன ஓணத்துக்குத் திரிந்துபோன பாயசத்தை அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்ததாக நீங்கள்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அப்படியிருக்க, பால் தீய்ந்த வாசனை யார் மூக்குக்கு வந்தது?

அப்புறம், அந்த 'வேறு பஞ்சு' எந்தப் பஞ்சு? ஒரு ஃபோட்டோ அனுப்புங்கள்.

ஜானவி


கரமனை
2 ஆகஸ்ட் 2025

ஜானவிக்கு,

பதில் தாமதம். கர்க்கடக மாதத்து மழை, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. தாமதத்துக்கு வேறு காரணம் இல்லை.

மிக்ஸி ரிப்பேர் செய்கிறவன் சட்னி அரைத்துப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பானா? ஒரே ஒரு இழுப்பு. சோதனை நிமித்தம். ஆயுசில் பீடி சிகரெட் தொடாதவன் நான் என்பது ஊருக்கே தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினேன், கண்ணில் தண்ணி முட்டிவிட்டது. உன் அம்மா அடுக்களையிலிருந்து "என்னாச்சு?" என்றாள். தூசி என்றேன். இனி அந்தப் பக்கமே போகப்போவதில்லை. இது உன் அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

பஞ்சு, வீட்டில் இருந்த சுத்தமான பஞ்சு. அதற்குமேல் விசாரிக்காதே. ஃபோட்டோ இணைத்திருக்கிறேன். கம்பியில் பழுப்பாக ஏதோ ஏடு படிந்திருப்பதைப் பார். சுத்தமான பஞ்சில் இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

திரவம் தீரப்போகிறது. மருந்துக்கடை கிளிசரினில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து ஊற்றலாமா என்று பட்டாபி கேட்கிறான். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

சாயங்காலம் அம்மா உன்னோடு வீடியோவில் பேசும்போது நான் மாடிக்குப் போய்விடுகிறேன். அந்த மாடிக் கதவு மழைக்காலத்தில் சரியாகச் சாத்துவதில்லை. நேற்று நீ மூன்று நான்கு தடவை தும்மினாய். மருந்து வாங்கிச் சாப்பிடு.

ஹரிநாராயணன்


லெஸ்டர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம்.

முதலில் எண்ணெய். கூடாது. ஒரு சொட்டுகூடக் கூடாது. எண்ணெய் ஆவி நுரையீரலில் போய்ப் படிந்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் எதையும் கலக்கவேண்டாம். மாமாவை டாக்டரிடமே திரும்பப் போகச் சொல்லுங்கள். நிகோடின் சூயிங்கம் நம் ஊர் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது, எவ்வளவு, எத்தனை நாள் என்று அவர் சொல்வார். விற்கிற கடையில் நின்றுகொண்டு நானே சொல்கிறேன், மாமாவுக்கு இந்த டேங்க் வேண்டாம்.

இப்போது ஃபோட்டோ. செருகின பஞ்சின் ஒரு நுனி வெளியே தெரிகிறது. கூர்மையாக, இடது பக்கமாக முறுக்கி இருக்கிறது. அப்பா, அது அம்மா உருட்டின திரி.

மத்தியானம் சாப்பாடு ஆனதும் அம்மா கூடத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு உட்காருவாளே, பக்கத்தில் என்ன இருக்கும்? ஒரு கிண்ணத்தில் பால். விரலைப் பாலில் தொட்டுத் தொட்டுத்தான் திரி உருட்டுவாள், அப்போதுதான் இழை பிரியாது. அந்தப் பால் பஞ்சிலேயே காய்ந்துவிடும். விளக்கில் எரியும்போது தெரியாது. உங்கள் பதினொரு வாட்டில் தீய்ந்து ஏடாகப் படிந்துவிட்டது. உங்கள் சந்தேகம் தீர்ந்ததா?

விளக்கு மாதிரி என்று நான்தான் எழுதினேன். அதற்காகச் சந்தியா விளக்குக்கு வைத்த திரியை எடுத்தா புகைக்குழாயில் செருகுவது? நான் கவுண்டரில் நின்றால் குலத்துக்கு இழுக்கு. பகவானுடைய திரியில் நிகோடின் ஊற்றினால் அதற்குப் பெயர் சோதனை. கடையில் இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன், பிபின் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனான்.

அப்புறம் சிரிப்பு வரவில்லை. தினமும் அம்மா ஃபோனை எடுத்ததும் மரப்படி கிறீச்சிடுவது எனக்கும் கேட்கிறது. ஒவ்வொரு படியும் கேட்கிறது. நீங்கள் ஏறி முடிக்கிறவரை அம்மா ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள், நான் எதையும் காதில் வாங்குவதில்லை. எனக்கு அது வலிக்கிறது, அப்பா. கதவு சாத்தாதது நல்லதுதான். அதைச் சரிசெய்துவிடாதீர்கள்.

ஜானவி


கரமனை
25 ஆகஸ்ட் 2025

சிரஞ்சீவி ஜானவிக்கு ஆசீர்வாதம்.

பட்டாபி டாக்டரிடம் போனான். சூயிங்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது வெற்றிலை போடுகிறவன் மாதிரி நாள் முழுக்க மென்றுகொண்டே திரிகிறான். சிகரெட் இல்லை. ஆபரேஷனுக்கு ஓணம் கழிந்து நாள் குறித்தாகிவிட்டது.

உன் அம்மா விஷயம் கேள். போன வாரம் விளக்கேற்றப் பூஜை அலமாரியைத் திறந்தேன். வழக்கமான திரி டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன எவர்சில்வர் டப்பா. திறந்தால் அதிலும் திரி. ஆனால் இழை பிரிந்து, சொரசொரவென்று, அவள் கை வேலை மாதிரியே இல்லை.

"இது எதுக்கு?" என்றேன்.

"பால் தொடாம உருட்டினது. உங்களுக்கு வேண்டிவருமே" என்றாள்.

"ஜானவி சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? தூசிக்கு இருமறதுக்கும் புகைக்கு இருமறதுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு? அந்த வஸ்துவைத் தொடைச்சு வெச்சதே நான்தான். பால் நாத்தம் அடிச்சுது." டப்பாவை மூடி உள்ளே தள்ளிவிட்டு, "பொண்ணோட எழுத்துல பேசறேளே, அதுக்கு இடைஞ்சல் வரக்கூடாதுன்னு பார்த்தேன்" என்றாள்.

வழக்கமான டப்பாவிலிருந்து திரி எடுத்து விளக்கேற்றினேன்.

அந்தப் பால் தொடாத திரியைப் போட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைதான். பார்க்கவில்லை. மொத்தத்தையும் கழற்றினேன். வளையம், கண்ணாடி, சுருள், சல்லடை எல்லாவற்றையும் பேப்பரில் பரப்பி ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்லடைத் தகடு அற்புதமான வேலைப்பாடு. பிறகு, மின்கழிவு எடுக்க வந்த பெண்களிடம் பாட்டரியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

பட்டாபி தேறினதில் சந்தோஷம். எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. இனி உன்னைக் கேட்க என்னிடம் சந்தேகம் எதுவும் இல்லை.

அப்பா


லெஸ்டர்
18 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு, நமஸ்காரம்.

இன்று காலை கடையில் நடந்ததை உங்களுக்கு எழுதவேண்டும். எனக்குத் தெரியாததா என்று கேட்காதீர்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

கடை திறந்து கொஞ்ச நேரம்தான். டெலிஃபோன் அடித்தது. பிபின் எடுத்துக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, "ஏதோ ஒரு அம்மாவன், காயில் அறியாவுந்ந ஆளெ வேணும் என்னு" என்றான். காயில் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்று யாரோ ஒரு பெரியவர் கேட்கிறாராம். வாங்கினேன்.

"குட் மார்னிங். ஐ ஆம் காலிங் ஃப்ரம் திருவனந்தபுரம். ஐ ஹாவ் எ ஸ்மால் டவுட் ரிகார்டிங் எ டேங்க்."

மின்வாரியத்தில் மேலதிகாரியிடம் பேசுகிற அதே குரல். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். "ஷ்யூர் சார்" என்றேன். சுருளுக்கும் சல்லடைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள். சொன்னேன். புதுக் காயிலை எத்தனை நேரம் ஊறவிடவேண்டும் என்று கேட்டீர்கள். சொன்னேன். கசிவு. சொன்னேன். எல்லாம் நீங்கள் பரீட்சை எழுதித் தேறின கேள்விகள். டேங்க் எப்போதோ குப்பைக்குப் போயாயிற்று. பின்னால் அம்மா பாத்திரம் ஒதுக்குகிற சத்தம் கேட்டது. ஒரு இடத்தில் நான் தப்பாகச் சொன்னேன், நீங்கள் திருத்தக்கூட இல்லை.

அப்புறம் இரண்டு பேருக்கும் கேள்வி தீர்ந்துவிட்டது. வைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். "நன்னா வெவரமா சொல்றே" என்றீர்கள், தமிழில். நான் "தேங்க் யூ சார்" என்றேன். "சாப்ட்டியோ?" என்றீர்கள்.

இத்தனை மாதத்தில் எந்தக் கஸ்டமரும் என்னை அதைக் கேட்டதில்லை. சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். நீங்கள் நம்பவில்லை என்று உங்கள் மூச்சிலேயே தெரிந்தது. வைத்தபிறகு பிபின் "ஆரா?" என்றான். கஸ்டமர் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னால் எவன் நம்புவான்?

இப்போது நான் மறைத்த ஒன்று. அக்டோபர் முதல் எனக்கு வேறு வேலை. பிஸ்கட் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில், வாசனையும் ருசியும் பார்த்துச் சொல்கிற வேலை. ஓணத்துக்கு முன்னாலேயே உத்தரவு வந்துவிட்டது. அம்மாவிடம் மட்டும் சொல்லி, உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். கடையை விடுகிறேன் என்று தெரிந்தால் நீங்கள் பேசிவிடுவீர்கள். அப்படிப் பேசினால் அது உங்கள் வார்த்தைக்காகப் பேசுவது. புகைக்கடையில் நிற்கிற பெண்ணோடு என் அப்பா பேசுவாரா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. தெரிந்துவிட்டது.

உங்கள் ஜானு


கரமனை
19 செப்டம்பர் 2025

என் ஜானுவுக்கு,

உன் அம்மாவுக்குச் சத்தியமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நீ வேலை மாறுகிறாய் என்பதை ஓணத்தன்று இலையில் பிரதமன் பாயசம் விடும்போதே சொல்லிவிட்டாள். "இன்னும் கொஞ்ச நாள்தான், உங்க வாக்கும் நிக்கும், வாலாம்பாள் மாமி வாயும் மூடும்" என்றாள். வாஸ்தவம்தான். இந்த மாதம் முடிகிறவரை பொறுத்திருந்தால் சொன்ன சொல் தவறாதவன் என்ற பெயர் எனக்கு நிலைத்திருக்கும். நேற்று மத்தியானம், உன் கடை திறக்கிற நேரம்வரை பொறுத்தும் பார்த்தேன்.

ஆனால் அக்டோபரில் அந்தப் புகைக்கடை நம்பருக்குக் கூப்பிட்டால் நீ எடுக்கமாட்டாயே.

அப்பா